கப்பல், தராசு, கண்: சுங்கை சிப்புட் அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள்

எங்கள் பாட்டி கடைசிவரை ஓட்டுப் போடுவதைக் "கப்பலுக்குப் போடுறது" என்றுதான் சொல்வார். கூட்டணிக் கட்சியின் பாய்மரக் கப்பல் சின்னம் எழுபதுகளின் தொடக்கத்திலேயே கரை ஒதுங்கிவிட்டது. அம்மா ஓட்டுப் போட ஆரம்பித்தபோது அந்த இடத்தில் கூட்டணியின் வாரிசான தேசிய முன்னணியின் தராசு வந்திருந்தது. 2008-இல் எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருவர் எதிர்க்கட்சியின் கண் சின்னத்தில் புள்ளடி போட்டார். அது நான்தான். அம்மாவிடம் சொல்ல மூன்று மாதம் ஆனது. சொன்னபோது அவர் சாவகாசமாக, "நானும் அதுலதான் போட்டேன்" என்றார்.

சுங்கை சிப்புட்டின் அரசியலை இந்த மூன்று படங்களை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். ஒரு தெருவில் நின்றால் மறு தெரு தெரியும் அளவுதான் பட்டணம். அதைச் சுற்றி எல்பில், கமுனிங், ஹீவூட், டோவன்பி என்று தோட்டங்கள். ஜாலோங் பக்கம் சீனர்களின் புதுக்கிராமங்கள், ஆற்றோரம் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்கள், சுங்கை பிளஸ் ஆற்றின் மேற்பக்கம் தெமியார் பூர்வகுடியினர். வாக்காளர்களில் இந்தியர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இந்தப் பெயரில் தொகுதி உருவான 1959 முதல் இன்றுவரை நாடாளுமன்றத்துக்குப் போன நால்வருமே இந்தியர்கள். சம்பந்தன், சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமார், கேசவன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நான்கே பேர். அதில் சாமிவேலு ஒருவர் மட்டும் 34 ஆண்டுகள் இருந்தார்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒருவரைப் பற்றியது. ஆனால் அவருக்கு முன்னால் இருந்தவரைத் தொடாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவர் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் பால் எடுத்த, தொழிலாளியின் மகன் அல்ல. அவருடைய தந்தை வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் தோட்டம் போட்டு வளர்ந்தவர். மகன் கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியிலும் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். முதலாளி வீட்டுப் பிள்ளை, காந்தியின் காலத்து இந்தியாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய 29-ஆவது பிறந்தநாளன்று, 1948 ஜூன் 16 காலையில், இதே ஊரின் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது. மலாயாவின் பன்னிரண்டு ஆண்டு யுத்தத்துக்குப் பிள்ளையார் சுழி எங்கள் ஊரில் விழுந்தது என்று பெரியவர்கள் பெருமையா வருத்தமா என்று பிரிக்க முடியாத குரலில் சொல்வார்கள்.

தொழிற்சங்கத்தின் இடதுசாரிப் பக்கம் அதோடு நசுங்கியது. தோட்டத்துத் தமிழனுக்காகப் பேச மிச்சமிருந்த வழி, அரசாங்கத்தோடு ஒட்டிக்கொண்டு பேசுவது. சம்பந்தன் 1954-இல் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவி, நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டை அழைத்துத் திறந்தார். 1955 மே மாதம் இந்தியர்களின் கட்சியான மலாயா இந்தியர் காங்கிரஸ், அதாவது ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில், அன்று கிந்தா உத்தாரா என்றிருந்த தொகுதியில் கப்பல் சின்னத்தில் நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தலில் 52 இடங்களில் 51, மலாய், சீன, இந்தியக் கட்சிகள் சேர்ந்த கூட்டணிக்குப் போனது. வாக்காளர் பட்டியலில் நூற்றுக்கு எண்பத்துநான்கு பேர் மலாய்க்காரர்கள், இந்தியர்கள் ஐந்து பேர்கூட இல்லை. குடியுரிமை இருந்தால்தானே பட்டியலில் பெயர் வரும்? அதாவது தோட்டத்துத் தமிழனின் பிரதிநிதி, தோட்டத்துத் தமிழனின் ஓட்டில்லாமல் அமைச்சரானார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும். தன் ஆளின் ஓட்டில் நிற்காமல் பங்காளியின் ஓட்டில் நிற்பவன் எவ்வளவு உரக்கப் பேச முடியும் என்ற கேள்வி அன்றிலிருந்து ம.இ.கா.வை விடவில்லை.

தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி-தபால்-தொலைத்தொடர்பு, தேசிய ஒருமைப்பாடு என்று சம்பந்தன் வகித்த இலாகாக்கள் பல. ஆனால் ஊர் அவரை நினைப்பது அவற்றுக்காக அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் அவற்றைப் பத்து ஏக்கர், இருபது ஏக்கராக வெட்டி விற்றார்கள். இதற்குத் துண்டாடல் என்று பெயர். ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவனுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் வேண்டும், ஆயாக் கொட்டகை வேண்டும், மருந்துக் கொட்டகை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். பத்து ஏக்கர்க்காரனுக்கு ஒன்றும் வேண்டாம், இரண்டு ஆள் போதும். மற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களைத் தவணையில் பங்கு வாங்கவைத்து, அந்தக் காசில் தோட்டத்தையே வாங்குவது திட்டம். கெடாவில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வந்தது, பிறகு மற்றவை. வெட்டுகிறவனே பங்குதாரன். இந்த நாட்டில் ஓர் இந்திய அரசியல்வாதி எடுத்த முயற்சிகளில் இதற்கு நிகரானது இன்னொன்று இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள், மொத்தத் தோட்டத்தில் அது எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சங்கம் வாங்கியதைவிடத் துண்டாடப்பட்டது அதிகம்.

1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சுமார் அறுபதாயிரம் பேர் இந்தியா திரும்பினார்கள். கப்பல் சின்னத்துக்கு ஓட்டுப் போட முடியாதவர்கள் ரஜுலா கப்பலேறிப் போனார்கள். சம்பந்தனால் அதைத் தடுக்க முடியவில்லை. 1973-இல் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பில் தலைமையை மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். 1974-இல் அவர் தொகுதிக்கு வேறொருவர் வந்தார்.

வந்தவர் பேராக்காரர்கூட இல்லை. சாமிவேலு 1936 மார்ச் 8-இல் பிறந்தது ஜொகூரில், பால்மரம் வெட்டும் குடும்பத்தில். அலுவலகப் பையன், பஸ் கண்டக்டர், வானொலியின் தமிழ்ப் பிரிவில் செய்தி வாசிப்பாளர் என்று படிப்படியாக ஏறி, கட்டடக் கலை படித்துத் தேறியவர். 1959-இல் பத்துமலை கிளையில் கட்சி உறுப்பினரானார். சம்பந்தனிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று பேசினால், எதிரே நிற்கிறவன் 'இவன் நம்ம ஆளு' என்பான். செய்தி வாசித்த குரல், தோட்டத்துக் கிண்டல், கோபம் வந்தால் மேடையிலேயே திட்டிவிடும் பழக்கம். 1979-இல் மாணிக்கவாசகம் திடீரென இறந்தபோது துணைத்தலைவராக இருந்த சாமிவேலு தலைவரானார், அதே ஆண்டில் அமைச்சருமானார். 2008 வரை அமைச்சரவையை விட்டு இறங்கவில்லை. பொதுப்பணி, எரிசக்தி-தொலைத்தொடர்பு-தபால், மறுபடியும் பொதுப்பணி.

நாடாளுமன்றத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், ஊரில் பெரும்பாலோர்க்குத் தெரியாது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கர்பால் சிங்கும் பி. பட்டுவும் கேள்வி கேட்பார்கள், இவர் எகிறுவார், மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வரும். அவ்வளவுதான். தோட்டத்தில் 'எம்.பி.' என்ற சொல்லுக்குச் சட்டம் இயற்றுபவர் என்ற பொருள் என்றைக்குமே இருந்ததில்லை. எம்.பி. என்றால் கடிதம் கொடுப்பவர்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நான் ஆறாம் ஆண்டு படித்தபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் இருந்த சேவை மையத்துக்குப் போனார். சித்தப்பாவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் சிவப்பு அடையாள அட்டை, அதனால் வேலை மாற வழியில்லை. மையத்தில் இரும்பு நாற்காலிகள், சுவரில் தலைவர் படம், பிரதமர் படம், மூலையில் சாமி படம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் தோட்டத்தின் மண்டோர். அவர்தான் கட்சிக் கிளைத் தலைவரும். காலையில் எந்த நிரையில் அம்மா மரம் வெட்டுவது என்று முடிவு செய்பவரே சாயங்காலம் எந்தக் கடிதத்தைத் தலைவர் மேசைக்கு அனுப்புவது என்றும் முடிவு செய்தார். அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் தாத்தாவின் பழைய தோட்டச் சீட்டு, பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்த தாள், கோயில் தலைவர் கையெழுத்து.

"அண்ணே, தலைவர் எப்ப வருவாரு?"

"வர்றப்ப வருவாரு. நீ கடுதாசிய வச்சிட்டுப் போம்மா. போன வாரம் கூட்டத்துக்கு ஏன் வரல?"

அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது முழு இயந்திரமும். தோட்டத்துக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு தலைவர், பெரும்பாலும் மண்டோர் அல்லது தோட்டத்து எழுத்தரான கிராணி. கிளைகள் சேர்ந்து தொகுதி, தொகுதிகள் சேர்ந்து மாநிலம், எல்லாம் சேர்ந்து தலைவர். மேலிருந்து சலுகை கீழே வரும், கீழிருந்து ஓட்டும் கூட்டமும் மேலே போகும். கங்காணி முறை ஒழிந்துவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒழியவில்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டது.

சாமிவேலுவைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தோட்டம் தனியார் நிலம். கம்பத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் போகிற கிராமப்புற மேம்பாட்டுப் பணம், தண்ணீர்க் குழாய், மின்சாரம், தார்ச்சாலை எதுவும் தோட்டத்து எல்லைக் கம்பியைத் தாண்டி உள்ளே வராது. அது கம்பெனியின் பொறுப்பு. அரசாங்கம் கம்பெனியைக் கைகாட்டும், கம்பெனி ரப்பர் விலையைக் கைகாட்டும். தமிழ்ப்பள்ளிக்கும் இதே கதை. நிலம் தோட்டத்துடையது என்பதால் பள்ளி அரசின் பகுதி உதவி மட்டுமே பெறும். ஆசிரியர் சம்பளம் வரும், கூரை ஒழுகினால் ஓடு வராது. ஓடு வேண்டுமென்றால் யாராவது சிறப்பு மானியம் கேட்டு வாங்க வேண்டும். அந்த 'யாராவது' எம்.பி. ஆகவே உரிமையாக வர வேண்டியது எல்லாம் தயவாக வந்தது. தயவு செய்கிறவருக்கு மாலை விழுந்தது. அந்த மாலையில் சாமிவேலுக்கு மயக்கம் இருந்தது உண்மை. ஆனால் மாலை கட்டும் நாரை அவர் திரிக்கவில்லை, அது அவருக்கு முன்பே இருந்தது.

அவருடைய கணக்கில் நேர்மையாக வரவு வைக்க வேண்டியவையும் உண்டு. எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அறவாரியம் 1984-இல் தொடங்கியது. அதன் வழியாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கல்விக் கடன் பெற்றார்கள். 2001-இல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று கெடாவின் செமிலிங்கில் மருத்துவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. மகாத்மா காந்தி கலாசாலைக்குச் சம்பந்தன் என்றால், இதற்குச் சாமிவேலு. கடன் வாங்கிப் படித்து வந்த பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை என்பது வேறு விஷயம். யாரும் திரும்பியிருக்கவும் கூடாது.

பற்றில் வைக்க வேண்டியது மைக்கா. 1984-இல் சமுதாயத்தின் முதலீட்டு நிறுவனம் என்று அறிவிக்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ், சுமார் 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் திரட்டியது. மேடையில் தலைவரே நின்று கேட்டார். நகையை அடகு வைத்து வாங்கியவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு என்றால் ஒரு தோட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம், போய் நின்று மண்ணை மிதிக்கலாம். மைக்காவில் பங்கு என்பது ஒரு தாள். தொழில்கள் நட்டத்தில் போயின. 1990-இல் தொலைபேசி நிறுவனமான டெலிகோமின் பங்குகள் வெளியானபோது மைக்காவுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு கோடிப் பங்குகளில் பத்து லட்சம் மட்டும் மைக்காவுக்கு வந்தது, மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. யார் மீதும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை. அவை சமுதாயத்தின் கல்விச் செலவுக்கே என்று சாமிவேலு விளக்கம் சொன்னார். நீதிமன்றம் போகாத அந்தக் கணக்கு டீக்கடைக்குப் போனது, அங்கே இன்னும் முடியவில்லை. 2010-இல் ஒரு தொழிலதிபர் பங்குகளைத் திரும்ப வாங்க முன்வந்தபோது பங்கொன்றுக்கு 80 காசு. இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்புக்குப் போட்ட ஒரு ரிங்கிட்டும் முழுதாக வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சுங்கை சிப்புட் அவரை எட்டுத் தடவை அனுப்பியது. ஏன்? மைக்காவில் பணம் போட்டு ஏமாந்தவர்களே மறுபடி தராசில் புள்ளடி போட்டார்கள். முட்டாள்தனம் என்று பட்டணத்தில் படித்தவர்கள் சொல்வார்கள். சித்தப்பாவின் அடையாள அட்டைக்குக் கடிதம் தரக்கூடியவர் ஒருவர்தான் என்றால், அவரிடம் கோபத்தைக் காட்டுவதுதான் முட்டாள்தனம். தோட்டத்துச் சனம் கணக்குத் தெரிந்த சனம். எத்தனை கிலோ பால், எத்தனை கிலோ ஒட்டுப்பால், எவ்வளவு பிடித்தம் என்று ஸ்டோர் வாசலில் தினமும் கணக்குப் பார்த்தவர்கள். தவிர, ஐந்தில் ஒரு பங்கு இந்தியர்களை வைத்து மட்டும் இங்கே யாரும் ஜெயிக்க முடியாது. மலாய் கம்பத்து ஓட்டு தராசுக்கு வருவதும், சீன ஓட்டு இரண்டாகப் பிரிவதும் சேர்ந்துதான் கணக்கு நேரானது. பொதுப்பணி அமைச்சரின் தொகுதியில் சாலையும் பாலமும் வருவது சீனக் கடைக்காரருக்கும் கசப்பில்லை. ஒரு வேடிக்கை: நாட்டின் நெடுஞ்சாலை அமைச்சர் என்று பெயர் வாங்கியவரின் ஊரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை தொடவே இல்லை. நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த 1994-க்குப் பிறகு லாரிகளும் விரைவு பஸ்களும் அந்தப் பக்கம் போக, பழைய சாலையில் இருந்த சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின.

அவரைக் கீழே இறக்கியது 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணிதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதற்கு முந்தைய மாதம், தீபாவளிக்குச் சில நாள் இருக்கையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். கோபம் நிஜம். கோலாலம்பூருக்குப் போய்க் கண்ணீர்ப்புகையில் நின்றுவிட்டு வந்த பிள்ளைகள் எங்கள் லயத்திலும் இருந்தார்கள். ஆனால் கோபம் மட்டும் காரணம் என்றால், அவ்வளவு நீண்ட காலம் கோபத்துக்குப் பஞ்சமா இருந்தது? என் கணிப்பு வேறு. ஹிண்ட்ராப் தள்ளியது, ஆனால் தூண் ஏற்கெனவே செல்லரித்திருந்தது. தூண் என்று நான் சொல்வது லயம்.

எண்பதுகளிலிருந்து பால்மரத்தை அடியோடு சாய்த்து, எண்ணெய்ப் பனையான செம்பனை போட ஆரம்பித்தார்கள். பால்மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும், அதுவும் விடியுமுன். செம்பனைக்கு அதில் பாதி ஆள்கூட வேண்டாம், குலை வெட்டக் குத்தகைக்கு ஆள் கிடைத்தால் போதும். முதலில் இந்தோனேசியாவிலிருந்தும், பிறகு வங்காளதேசத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் நாற்பது வீட்டு லயத்தில் தொண்ணூறுகளின் கடைசியில் பதினோரு தமிழ்க் குடும்பம்தான் இருந்தது. மற்றவர்கள் பட்டணத்து மலிவு வீட்டுக்கும், ஈப்போ தொழிற்சாலைப் பக்கமும், கோலாலம்பூருக்கும் போனார்கள். மலிவு வீட்டுக்குப் போனவனுக்கு மண்டோர் யார்? தண்ணீர்ப் பில்லும் மின்சாரப் பில்லும் அவன் பெயருக்கே வருகிறது. 'கூட்டத்துக்கு ஏன் வரல' என்று கேட்க ஆளில்லை. கிளைகள் தாளில் இருந்தன, கிளைத் தலைவர்கள் டத்தோ பட்டமும் வாங்கினார்கள், கீழே லயம் இல்லை.

2004-இல் அவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் ஜெயித்தாரே, அப்போதும் லயம் காலிதானே என்று கேட்கலாம். 2004 பிரதமர் அப்துல்லா படாவியின் அலையடித்த ஆண்டு, தராசில் யார் நின்றாலும் மிதந்தார்கள். அதற்கு முந்தைய 1999-இல் பெரும்பான்மை ஏறக்குறைய அதில் பாதிதான். அலை வடிந்ததும் தரை தெரிந்தது. 2008 மார்ச் 8, பன்னிரண்டாவது பொதுத்தேர்தல். அன்று அவருக்கு 72 வயது நிறைகிறது. இரவு பத்துப் பதினொரு மணிக்கு முடிவு வந்தபோது 1,821 வாக்கில் தோற்றிருந்தார். பிறந்தநாள் கேக்கை யார் சாப்பிட்டார்கள் என்று ஊரில் ரொம்ப நாள் கிண்டல் ஓடியது. வயதானவரைப் பார்த்து அப்படிச் சிரித்தது எனக்கு அன்றே பிடிக்கவில்லை. 2010 கடைசியில் கட்சித் தலைமையையும் விட்டார். பிறகு சில ஆண்டு இந்தியாவுக்கும் தெற்காசியாவுக்குமான சிறப்புத் தூதர். 2022 செப்டம்பர் 15-இல் காலமானார். அன்று அவரைத் திட்டியவர்களும் அழுததை நான் பார்த்தேன். வானொலியில் ஒரு காலத்தில் செய்தி வாசித்தவரின் மரணம் வானொலிச் செய்தியில் வந்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரை வென்றவர் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ், நுரையீரல் மருத்துவர். முன்பு இரண்டு முறை அவரிடமே தோற்றவர். தேர்தலுக்கு வெகுகாலம் முன்பே மனைவியோடு சேர்ந்து 'அலைகள்' என்ற அமைப்பின் வழியாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், லயத்திலிருந்து வெளியேற்றப்படுகிறவர்களுக்காகக் கம்பெனி வாசலில் நின்றவர். அவருடைய மலேசிய சோசலிசக் கட்சிக்கு அப்போது பதிவு கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில்தான் கிடைத்தது. அதனால் மக்கள் நீதிக் கட்சியின் கண் சின்னத்தில் நின்றார். இந்தச் சின்ன விஷயம் பத்து வருடம் கழித்து அவர் காலையே வாரும் என்று யாருக்குத் தெரியும்?

டாக்டரிடமும் சனம் கடிதம் கேட்டுத்தான் போனது. அவர் கடிதம் எழுதுவார், ஆனால் அதற்கு முன் உங்களையே எழுதச் சொல்வார். உங்கள் பிரச்சினை உள்ள இன்னும் பத்துப் பேரைக் கூட்டிவரச் சொல்வார். அரசாங்க அலுவலகத்துக்குப் பத்துப் பேரோடு போவார். எதிர்க்கட்சி உறுப்பினர் என்பதால் தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு அவருக்குத் தரப்படவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினருக்குக் கிடைக்கும் பணம் தன் வாக்காளருக்கு ஏன் இல்லை என்று நீதிமன்றம் போனார், வழக்கு அவருக்குச் சாதகமாக முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தன் சொத்துக் கணக்கை வெளியிட்டார். 2011 ஜூலையில், நேர்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணி சமயத்தில், அவரையும் கட்சிக்காரர் ஐவரையும் அவசரகாலச் சட்டத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் அடைத்துவைத்தார்கள். 1948-இல் இந்த ஊரில் ஆரம்பித்த அவசரகாலத்தின் சட்டம் அல்ல அது, 1969-இன் சட்டம். ஆனாலும் சுங்கை சிப்புட்டின் எம்.பி. 'அவசரகாலம்' என்ற பெயரில் உள்ளே போனது, பெரியவர்களுக்குப் பழைய கதையை ஞாபகப்படுத்தியது. 2013-இல் 2,793 வாக்கில் மறுபடி ஜெயித்தார். சேவை மையத்துக்கு வந்து கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. "எம்.பி.ன்னா செஞ்சு கொடுக்கணும், நம்மளையே செய்யச் சொன்னா எப்படி?" என்றார் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. அவர் கேட்டது தப்பில்லை. ஐம்பது வருடமாக எம்.பி. என்பதற்கு அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பொருள் அதுதான்.

2018-இல் டாக்டர் தன் கட்சியின் சொந்தச் சின்னமான முட்டிக் கையோடு நின்றார். கண் சின்னம் மக்கள் நீதிக் கட்சியின் கேசவனிடம் போனது. நாடு முழுக்க ஆட்சியை மாற்றும் வேகம், அதற்கான சின்னம் கண் என்று ஊர்ஊராகச் சொல்லப்பட்டது. கேசவன் ஐயாயிரத்துக்கும் மேலான பெரும்பான்மையில் ஜெயித்தார், டாக்டர் வைப்புத் தொகையை இழந்தார். பத்து ஆண்டு உழைத்தவரைச் சனம் கைவிட்டது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "டாக்டருக்குப் போட்டாச்சு" என்றார். எதில் போட்டீர்கள் என்று கேட்டேன். "கண்ணுலதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

2022-இல் ம.இ.கா.வின் தலைவர் விக்னேஸ்வரனே தொகுதியை மீட்க வந்தார். பழைய தராசு மறுபடி சுவரெல்லாம் ஏறியது. இந்தத் தடவை கேசவன் நின்றது கண்ணில் அல்ல, நம்பிக்கைக் கூட்டணியின் சின்னத்தில். 1,846 வாக்கு வித்தியாசத்தில் கேசவன் தப்பினார். தேர்தலுக்கு முதல் நாள் அம்மாவுக்கு மாதிரி ஓட்டுச் சீட்டை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"கண்ணு எங்கய்யா?"

"இப்ப கண்ணு இல்லம்மா. சிவப்புல இருக்கே, அதுதான்."

"அது என்ன படம்?"

"படம் இல்லம்மா, எழுத்து. ஹராப்பான்னு எழுதியிருக்கு."

சீட்டை மடித்துக் கையில் கொடுத்தார். "நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவது வரைக்கும் படிச்சேன். அதுல இந்த எழுத்துச் சொல்லித் தரல" என்றார்.